சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சுவர்ப் பலகைகளைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தியர்கள் கட்டிய பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், முதியோர் இல்லம் என்று எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பளிங்குப் பலகை இருக்கும். அடிக்கல் நாட்டியவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர், அதற்குக் கீழே நீளமாக நன்கொடையாளர் வரிசை. பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி, ரெட்டி; நடுவே மூட்லி ஆகிப்போன முதலியார்களும் கவெண்டர் ஆகிப்போன கவுண்டர்களும். நான் தொழிலில் கணக்கர். அதனால் பெயரைவிட அதன் எதிரே தொகை இருக்கிறதா என்றுதான் கண் தேடும்.

இத்தனை பலகைகளில் ஒன்றிலாவது ‘இன்னார் மூன்று வருடம் சமையல்காரிக்குச் சம்பளம் கொடுத்தார்’ என்று நான் பார்த்ததில்லை. டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதுகிற ஆட்கள் நாம். அந்த டியூப்லைட் எரிய மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறவர் பெயரை எங்கேயும் எழுதியதில்லை.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தை ஒட்டி நடக்கும் சமையற்கூடத்துக்கு நான் சனிக்கிழமைகளில் கணக்கு எழுதுகிறேன். இன்னொரு பக்கம், இந்த வட்டாரத்துக்குள் நடக்கும் சமூகப் பணிகளுக்கு மட்டும் பணம் கொடுக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையின் தேர்வுக் குழுவிலும் உட்காருகிறேன். (சமையற்கூடத்தின் விண்ணப்பம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும். போயிருக்கிறேன். வெளியே நாற்காலிகூடப் போடுவதில்லை.) கேட்கிற பக்கமும் கொடுக்கிற பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. ஒரு வட்டார அறக்கட்டளையால் பெரிய நிறுவனங்களைவிட உருப்படியாகச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: யாரும் கொடுக்க விரும்பாத மாதச் செலவுக்குப் பணம் கொடுப்பது. பெரும்பாலும் அதைத் தவிர மற்றதையெல்லாம் செய்கிறார்கள்.

இந்த ஊரின் பழைய கதையைப் பார்த்தால் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி மதராஸ் வழியாக வந்தவர்கள். ஒப்பந்தத்தில் கூலி இருந்தது, ரேஷன் இருந்தது. பிள்ளைகளைப் படிக்க வைப்பது யார் பொறுப்பு என்பது மட்டும் இல்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த பள்ளிகள் சொற்பம். அப்புறம் ஊர்க்காரர்களே இடம் பார்த்து, பணம் திரட்டி, தகரக் கொட்டகையிலோ செங்கல்லிலோ ஒரு பள்ளி எழுப்புவார்கள். கட்டடச் செலவில் அவர்கள் ஒரு பவுன் (அன்றைய பிரிட்டிஷ் நாணயம்) போட்டால் அரசு ஒரு பவுன் போடும் என்கிற ஏற்பாடு பிறகு வந்தது. ‘அரசு உதவி பெறும் இந்தியப் பள்ளி’ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நட்டாலின் இந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான் படித்தார்கள்.

சாஸ்திரி கல்லூரியின் கதையும் இதே வகைதான். 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்தவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி. இந்தியப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான உயர்நிலைப் பள்ளி இல்லை என்று பார்த்து, கடைக்காரர், தோட்டக்காரர், கூலிக்காரர் எல்லாரிடமும் பணம் திரட்ட வைத்தார். நிலம் நகராட்சி கொடுத்தது. 1929-ல் கல்லூரி திறந்தது. எம்.எல். சுல்தான் இன்னொரு வகை. கொல்லத்துக்காரர், 1890-ல் ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கியவர். வாழைத் தோட்டம், வியாபாரம் என்று வளர்ந்து, இந்தியர்களுக்குத் தொழிற்கல்வி வேண்டும் என்று பெருந்தொகை எடுத்து வைத்தார். 1946-ல் அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். வழக்கறிஞர் ஆர்.கே. கான் 1932-ல் இறந்தபோது தன் சொத்தை மருத்துவச் சேவைக்கென்று ஒரு டிரஸ்டுக்கு எழுதி வைத்தார். முதலில் மருந்தகங்கள் நடந்தன. 1969-ல் சாட்ஸ்வொர்த்தில் அவர் பெயரில் மருத்துவமனை திறந்தது. என் வீட்டிலிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும்.

எல்லாம் நமக்குப் பெருமை தரும் கதைகள், மேடையில் அடிக்கடி கேட்பவை. மேடையில் யாரும் சொல்லாத பாதி இது: அந்தப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது. வெள்ளையர் பிள்ளைக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான் இந்தியப் பிள்ளைக்குக் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. கருமித்தனமான, நியாயமில்லாத ஏற்பாடு. ஆனாலும் முதல் தேதியானால் வாத்தியாருக்குச் சம்பளம் வந்தது. ஊர் ஒரே ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய தொகையைத் திரட்டியது. மாதம் தவறாமல் வருகிற சிறிய தொகையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் முக்கால்வாசிப் பள்ளிகள் கல்யாண மண்டபங்கள் ஆகியிருக்கும்.

இன்றைய தொண்டு நிறுவனங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. எங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான்.

சாட்ஸ்வொர்த்தே ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் ஊர். 1950-ல் இன வாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்தது. அறுபதுகளில் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்களாகத் தமிழரும் தெலுங்கரும் நெருக்கியடித்து வாழ்ந்த மேகஸின் பாரக்ஸிலிருந்தும் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். தங்கள் கைக்காசில் எழுப்பிய கோயிலையும் பள்ளியையும் பின்னால் விட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் மறுபடி சீட்டுப் புத்தகம் அடித்து வசூலுக்குக் கிளம்பினார்கள். எங்கள் மண்டபமும் அப்படி எழுந்ததுதான். கட்டடம் கல்லு மாதிரி இருக்கிறது. உள்ளே அடுப்பு எரிய வைப்பதுதான் பாடு.

சமையற்கூடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை மதியச் சாப்பாடு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் முதியோர். அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2025-ல் மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல். அதில் தானும் சாப்பிட்டு, வேலையில்லாத மகனையும் பார்த்து, பேரப்பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையும் வாங்குகிற ஆயாக்கள் இருக்கிறார்கள். பக்கத்து பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து ஜூலு பேசும் கோகோக்களும், அதாவது அவர்கள் வீட்டுப் பாட்டிகளும், வருகிறார்கள். ஆயாவும் கோகோவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஷுகர் பீன்ஸ் குழம்பில் உப்பு குறைவு என்று ஒரே குரலில் புகார் சொல்வார்கள். அரசாங்கம் பக்கம் பக்கமாக எழுதும் சமூக ஒற்றுமை அந்த ஒரு பெஞ்சில் நடந்துகொண்டிருக்கும்.

அடுப்படியை நடத்துகிற அக்கா முன்பு துணித் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து மலிவுத் துணி வந்து குவிந்ததும் டர்பனில் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. வேலை இழந்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். காலை ஆறு மணிக்குச் சாவி எடுத்துத் திறந்தால் மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துப் பூட்டுவார். இவருக்குக் கொடுப்பதைப் புத்தகத்தில் ‘ஊக்கத்தொகை’ என்று எழுதுகிறோம், ‘சம்பளம்’ என்று எழுத முடியாது. 2025 மார்ச்சில் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டு ஆனது, முழு நேரத்துக்குக் கணக்கிட்டால் அதுவே மாதம் ஐயாயிரத்தைத் தொடும். நாங்கள் கொடுப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிக்கொள்கிறோம். தொண்டு உலகம் முழுக்க இந்தச் சந்தில்தான் புகுந்து போகிறது. சாப்பாடு இலவசம் என்கிறோமே, அதன் விலையில் ஒரு பகுதியை அந்த அக்கா கட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, நன்கொடை வருவதில்லையா? வருகிறது. டிசம்பரில் ஹாம்பர் வரும். அரிசி, எண்ணெய், மாவு, டின் மீன், தேயிலை எல்லாம் ஒரு பையில் கட்டி, ஒவ்வொரு பையிலும் நிறுவனத்தின் ஸ்டிக்கர். மண்டபத்தில் நடக்க இடமிருக்காது. பிப்ரவரியில் வாருங்கள், அலமாரியில் மஞ்சள் தூள் டப்பா மட்டும் இருக்கும்.

அப்புறம் ஜூலை 18. மண்டேலா பிறந்தநாள். அவர் பொதுவாழ்வில் கழித்த 67 வருடத்துக்கு ஈடாக ஆளுக்கு 67 நிமிடம் தொண்டு செய்ய வேண்டும் என்பது இங்கே வழக்கம். நல்ல எண்ணம்தான். அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரே நிற டி-ஷர்ட்டில் ஒரு கூட்டம் வந்து இறங்கும். உருளைக்கிழங்கு உரிக்கிறேன் என்று பாதிக் கிழங்கைத் தோலோடு சீவித் தள்ளுவார்கள். அக்கா ஒரு பக்கம் குழம்பைக் கிளறிக்கொண்டே இன்னொரு பக்கம் கத்தி பிடிக்கத் தெரியாத மேனேஜர் கையை வெட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மேலாளர் அட்டையில் அச்சடித்த ஆளுயரக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்ததும் கூட்டம் கலையும். ஒரு வருடம் எல்லாரும் போன பிறகு அக்கா என்னிடம், “தங்கச்சி, இவங்க அறுபத்தேழு நிமிசத்துக்கு வாங்குற சம்பளத்த எனக்குக் குடுத்திருந்தா நானே மொத்தக் கெழங்கையும் உரிச்சிருப்பேனே” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

நிறுவனங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது, அவர்கள் எல்லாரும் விளம்பரப் பித்தர்கள் இல்லை. கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுக்கான புள்ளிப்பட்டியலில் ஒரு நிறுவனம், வரிக்குப் பிந்தைய லாபத்தில் ஒரு சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கொடுத்தால் புள்ளி கிடைக்கும். முழுப் புள்ளி வேண்டுமானால் பயனாளிகளில் குறைந்தது 75 சதவீதம் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்பது நிறுவனத்தின் விண்ணப்பப் பிரிவில் இருக்கும் இளைஞருக்கு அடிக்கடி தெரியாது. நான் தொலைபேசியில் பாடம் எடுத்திருக்கிறேன். இதற்கெல்லாம் நிதியாண்டு முடிவதற்குள் ரசீது வேண்டும், படம் வேண்டும், பயனாளி எண்ணிக்கை வேண்டும். ஹாம்பரை எண்ணலாம். சமையல்காரி அடுத்த மார்ச் மாதமும் வேலையில் இருப்பார் என்பதை எந்தக் கட்டத்தில் எண்ணுவது?

நமக்கும் காகித வேலை உண்டு. 1997-ன் சட்டப்படி தொண்டு நிறுவனமாகப் பதிந்தால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். வருமான வரித்துறையிடம் பொதுநலன் நிறுவனம் என்ற அங்கீகாரம் தனி. அதற்கு மேல் 18ஏ பிரிவு ரசீது கொடுக்கும் அனுமதி தனி. அந்த ரசீது இருந்தால் கொடுப்பவர் தன் வரிக்குரிய வருமானத்தில் பத்து சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். 18ஏ இல்லாத நிறுவனத்தைப் பெரிய கொடையாளர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை வாங்கித் தர என்னைப் போல ஒரு கணக்கர் இலவசமாகக் கிடைக்காத சமையற்கூடங்கள் இந்த மாகாணத்தில் எத்தனையோ. தேசிய லாட்டரி நிதி ஒரு காலத்தில் எல்லாருக்கும் கனவாக இருந்தது. அங்கே போன பணத்தில் பாதி கட்டிய முதியோர் இல்லங்களும் கட்டாத கழிப்பறைகளும் வெளியே தெரிந்து, 2020-ல் சிறப்பு விசாரணைப் பிரிவு உள்ளே நுழைந்தது. அதற்கப்புறம் நேர்மையானவர்களுக்கும் காகிதம் இரட்டிப்பானது.

இந்த இடத்தில்தான் வட்டார அறக்கட்டளை வருகிறது. எண்ணம் பழையது. 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃப்ரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் ஆரம்பித்து வைத்தார். செத்துப்போன பணக்காரர்கள் எழுதி வைத்த உயில்கள், காலம் மாறிய பிறகும் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று பணத்தைக் கட்டிப்போட்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே நிதியாகச் சேர்த்து, எதற்குக் கொடுப்பது என்பதை உயிரோடு இருக்கும் ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும் என்றார் அவர். தென்னாப்பிரிக்காவில் தொண்ணூறுகளின் இறுதியில் அமெரிக்காவின் மாட் அறக்கட்டளை போன்றவை இந்த முறையை ஊன்றப் பார்த்தன. எங்கள் மாகாணத்தில் ரிச்சர்ட்ஸ் பேயைச் சுற்றி உதுங்குலு சமூக அறக்கட்டளை 1999-ல் அப்படி வந்தது. ஆலைகள் நிறைந்த துறைமுக ஊர். முதல் போட ஆள் இருந்தார்கள்.

நான் உட்காருகிற அறக்கட்டளை அந்த அளவுக்கெல்லாம் இல்லை. சில குடும்பங்களின் பழைய டிரஸ்டுகள், இரண்டு மூன்று கடைகளின் வருடக் கொடை, ஒரு விற்ற நிலத்தின் பணம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் பிரித்துக் கொடுக்கிறோம். கூட்டம் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கும். பேச்சு ஆங்கிலத்தில், யாரையாவது கிண்டல் செய்ய மட்டும் தமிழ். அங்கே ஒவ்வொரு விண்ணப்பத்திலும் யாராவது ஒருவர், “அந்த இடம் எனக்குத் தெரியும், என் தங்கை அந்தத் தெருவில்தான் இருக்கிறாள்” என்பார். ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு இது கிடைக்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குடிசைப் பகுதி மழலையர் பள்ளியிலிருந்து விண்ணப்பம் வந்தது. விளையாட்டுச் சட்டம், ஊஞ்சல், சறுக்கு மரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை, படத்தோடு மூன்று விலைப்பட்டியல். நானும் இன்னொரு அங்கிளும் நேரில் போனோம். தகர அறையில் பிள்ளைகள். இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஆசிரியை. உதவி ஆசிரியை போன மாதம் சூப்பர் மார்க்கெட் கேஷியர் வேலைக்குப் போய்விட்டார். பதிவு பெற்ற மழலையர் பள்ளிகளுக்கு அரசு அப்போது ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 17 ராண்டு கொடுத்தது. 2019-லிருந்து ஏறாத தொகை, 2025-ல்தான் 24 ஆக்கினார்கள். அதில் சாப்பாடு போட்டு, சம்பளமும் கொடுக்க வேண்டும். “உங்களுக்கு உண்மையில் ஊஞ்சல்தான் வேண்டுமா?” என்று அங்கிள் கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். “எனக்கு ஆள்தான் வேண்டும். ஆனால் ஆளைக் கேட்டால் யாரும் கொடுப்பதில்லை, ஊஞ்சலைக் கேட்டால் கொடுக்கிறார்கள்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கொடையாளரின் படிவங்கள் அவருக்கு அப்படி எழுதக் கற்றுக்கொடுத்திருந்தன. ‘சம்பளம், வாடகை, எரிபொருள் போன்ற நிர்வாகச் செலவுகள் ஏற்கப்படமாட்டா’ என்று எங்கள் படிவத்திலேயே அன்றுவரை ஒரு வரி இருந்தது. வேறு எங்கிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டது. அந்த வரியை எடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் மேஜையில் சண்டை.

எதிர்த்தவர்களின் வாதம் இலேசானதில்லை. தலைமை ஆசிரியர் சொன்னார்: ஊஞ்சல் வாங்கிக் கொடுத்தால் ஊஞ்சல் இருக்கும். சம்பளம் கொடுத்தால் மூன்று வருடம் கழித்து என்ன இருக்கும்? நாம் நிறுத்துகிற அன்று அந்த ஆசிரியை தெருவில் நிற்பார், பழி நமக்கு. இது பாதி உண்மை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் ஆள் இல்லாத மழலையர் பள்ளியின் ஊஞ்சலுக்கு என்ன ஆகும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரும்பு விலைக்குப் போய்விடும். கடைசியில் ஒரு நடுவழி வந்தது. ஆசிரியை சம்பளத்தை மூன்று வருடத்துக்கு ஏற்பது. முதல் வருடம் முழுதாக, பிறகு படிப்படியாகக் குறைத்து. நிறுத்துவதற்கு ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்வது. அந்த வரி படிவத்திலிருந்து போனது.

பக்கத்தில் இருப்பதன் இன்னொரு பலனை 2021 ஜூலையில் பார்த்தோம். கலவரத்தில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டு, நெடுஞ்சாலை அடைபட்டு, டர்பனில் ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை நின்ற வாரம் அது. 350 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். வெளியூரிலிருந்து லாரி வர நாளாகும். எங்கள் மண்டபத்தில் அரிசி இருந்தது, கேஸ் இருந்தது, அதைவிட முக்கியமாக அக்காவிடம் சாவி இருந்தது. யார் வீட்டில் மாத்திரை தீர்ந்திருக்கும், எந்த ஆயா படி இறங்க மாட்டார் என்பது அவருக்குப் பாடம். அடுத்த ஏப்ரலில் வெள்ளம். மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மண் சரிந்து வீடுகள் போயின, பல இடங்களில் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு தடவையும் உதவி வந்து சேர்ந்தபோது அதைப் பிரித்துக் கொடுக்க ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சமையற்கூடங்கள்தான் வேண்டியிருந்தன. பேரிடருக்கு லட்சக்கணக்கில் கொட்டியவர்களில் யாரும், பேரிடர் இல்லாத மாதங்களில் அந்த அடுப்பை அணையாமல் வைத்திருந்த செலவைக் கேட்கவில்லை.

பக்கத்தில் இருப்பதில் கெடுதலும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். தங்கை அந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது தகவல். தங்கையே அந்தச் சங்கத்தின் செயலாளர் என்பது வேறு விவகாரம். இந்தக் கோயில் கமிட்டிக்கும் அந்தக் கோயில் கமிட்டிக்கும் முப்பது வருடப் பகை, யார் காவடியை முதலில் விடுவது என்பதில் ஆரம்பித்தது, விண்ணப்ப மேஜை வரைக்கும் வரும். தமிழ்ச் சங்கத்துக்குக் கொடுத்தால் தெலுங்குச் சங்கம் கேட்கும். இந்தியர் பகுதிக்கு மட்டும் போகிறதா என்று பக்கத்துக் குடிசைப் பகுதி கேட்கும், கேட்பது நியாயம். தூரத்து நிறுவனம் யாருடைய சித்தப்பா என்று தெரியாமல் கொடுக்கிறது. சில நேரம் அந்தக் குருட்டுத்தனமே நியாயமாக இருக்கிறது. எங்கள் குழுவில் இப்போது மூன்றில் ஒரு பங்கு ஜூலு பேசுகிறவர்கள். கொடுத்த தொகை, யாருக்கு, எதற்கு என்பதை மண்டப அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். சண்டை குறையவில்லை, ஆனால் எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது.

கடைசியாகப் பிரியாணி. டர்பனில் தொண்டு பற்றி எழுதிவிட்டுப் பிரியாணி டிக்கெட்டை விட்டுவிட்டால் இங்கே யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். எந்தச் சங்கத்துக்குக் காசு தேவைப்பட்டாலும் டிக்கெட் அடித்து வீடு வீடாக விற்பார்கள். குறித்த சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மண்டபத்தின் பின்னால் பெரிய தேக்சாக்கள் ஏறிவிடும். அரைக்கால் சட்டை போட்ட அண்ணன்மார் இருவர் துடுப்பு மாதிரி நீளமான கரண்டியால் கிளறுவார்கள். டர்பன் பிரியாணியில் மசூர்ப் பருப்பு போட்டே ஆக வேண்டும். உருளைக்கிழங்கை வறுத்துப் போட வேண்டும், பக்கத்தில் பருப்புக் குழம்பும் வெங்காய சாலடும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த தடவை டிக்கெட் விற்காது. பத்து மணிக்குள் டப்பாக்கள் அடுக்கி, மதியத்துக்குள் எல்லாம் போய்விடும்.

இந்தக் காசை ஒரு கணக்கராக நான் மிகவும் மதிக்கிறேன். இதில் நிபந்தனை கிடையாது. டிக்கெட் வாங்கியவர் சாப்பிட்டு முடித்ததோடு சரி, பயனாளி எண்ணிக்கை கேட்டுக் கடிதம் எழுதமாட்டார். அக்காவின் தொகை, கேஸ், வேனுக்கு டயர் எல்லாம் இந்தக் காசில்தான் ஓடுகின்றன. ஆனால் அதற்காக ராத்திரி முழுக்க நின்று சமைப்பதும் அதே அக்காதான். தன் சம்பளத்தைத் தானே பொங்கி இறக்குகிறார்.

அதனால் குழுவின் முன் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களின் பவுனுக்குப் பவுன் ஏற்பாட்டையே எடுத்து, கட்டடத்துக்குப் பதிலாக மாதச் செலவுக்கு வைப்போம். ஒரு சங்கம் டிக்கெட் விற்று ஈட்டும் ஒவ்வொரு ராண்டுக்கும் அறக்கட்டளை ஒரு ராண்டு சேர்க்கட்டும், ஒரு வரம்பு வரை. சம்பளத்துக்கோ டயருக்கோ, அவர்கள் இஷ்டம்; தணிக்கை செய்த கணக்கு காட்டினால் போதும். தலைமை ஆசிரியர் முதலில் கேட்டது, டிக்கெட் விற்கத் தெம்பில்லாத குடிசைப் பகுதிக் குழுக்கள் என்ன செய்யும் என்று. சரியான கேள்வி. அவர்களுக்கு ஒன்றுக்கு மூன்று என்று வைக்கலாம் என்றேன். வட்டி அவ்வளவு வராதே என்றார் பொருளாளர். அதுவும் சரி.

செப்டம்பர் கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதற்குள் எங்கள் சமையற்கூடம் ஒரு விற்பனை நடத்த வேண்டியிருக்கிறது. புரட்டாசி பிறந்துவிட்டால் இங்கே பாதி சாட்ஸ்வொர்த் கறியை நிறுத்திவிடும், கோழி டிக்கெட் ஒன்றுகூட நகராது. சைவப் பிரியாணியை யார் இந்த விலைக்கு வாங்குவார்கள் என்று அண்ணன்மார் முணுமுணுக்கிறார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை மண்டபம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. பெண் வீட்டாரிடம் அடுப்படியை மட்டும் காலை பத்து மணி வரை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்க அக்கா போயிருக்கிறார்.